இரண்டு முக்கோணம், நடுவில் ஒரு சூரியன்

சத்துவாச்சாரி,
வேலூர்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லாரும் நலம். உன் கடிதமும் உன் ஓவிய வகுப்புப் பிள்ளைகள் வரைந்த படங்களும் வந்து சேர்ந்தன. எல்லாவற்றையும் மேசைமேல் பரப்பி வைத்து நிதானமாகப் பார்த்தேன்.

‘இயற்கைக் காட்சி வரையச் சொன்னால் எல்லாரும் இரண்டு முக்கோண மலை, நடுவில் சூரியன், கீழே ஆறு, ஓரத்தில் ஒரு குடிசை என்று ஒரே மாதிரி போட்டுவிட்டார்கள். ஜவ்வாது மலைமேலேயே இருந்துகொண்டு மலை தெரியாத பிள்ளைகளா’ என்று வருத்தப்பட்டு எழுதியிருக்கிறாய். அவர்களுக்கு மலை நன்றாகத் தெரியும். எந்தப் பாறை மழையில் வழுக்கும் என்பது வரைக்கும் தெரியும். வரைய உட்கார்ந்ததும் மட்டும் வெளியே பார்ப்பதில்லை; யாரோ பலகையில் போட்டுக் காட்டியதை நினைவிலிருந்து எடுத்து வைக்கிறார்கள், ‘அ’ எழுதுகிற மாதிரி. படம் அவர்களுக்கு இன்னும் எழுத்தாகவே இருக்கிறது. கோடு, வடிவம், ஒளி நிழல், வண்ணம் என்று நீ எந்தப் பாடத்தை எடுத்தாலும் அடியில் இருக்கிற வேலை ஒன்றுதான். தெரிந்ததைப் போடுகிற கையை, கண்ணுக்குத் தெரிவதைப் போடவைக்க வேண்டும்.

அந்த முக்கோணத்தைத் தப்பு என்று அடித்துவிடாதே. அடுத்த பீரியடில் வகுப்பை வெளியே கூட்டிப்போய் உட்காரவை. மலை வரையுங்கள் என்று சொல்லாதே. மலையும் வானமும் சந்திக்கிற ஓரக்கோட்டை மட்டும் இடது பக்கம் தொடங்கி வலது பக்கம் வரை பத்து நிமிடம் போடச் சொல். எங்கே ஏறுகிறது, எங்கே தட்டையாய் ஓடுகிறது, எங்கே பாறை துருத்துகிறது என்று கண் போகிற வேகத்தில் பென்சிலும் போகட்டும். முதல் கால் மணி நேரத்துக்கு ரப்பரை எல்லாம் வாங்கி உன் மேசையில் வைத்துக்கொள். அழிக்க முடியும் என்று தெரிந்தால் கண் அசட்டையாகிவிடும்.

அடுத்த வாரம் அதே இடத்தில், கிட்டத்தில் இருக்கும் மலையையும் அதற்குப் பின்னால் இருப்பதையும் ஒப்பிடச் சொல். எட்டப் போகப்போக வெளுத்து நீலம் தட்டும். நடுவில் இருக்கிற காற்றும் ஈரமும் தூசியும் வெளிச்சத்தைச் சிதறடிப்பதால் அப்படி. ஒரே பச்சையை மூன்று பங்காக்கி, முதல் பங்கை அப்படியே வை. இரண்டாவதில் கொஞ்சம் வெள்ளை, ஒரு துளி நீலம். மூன்றாவதில் இரண்டும் கூடுதல். இந்த மூன்று பட்டையைப் பூசினாலே தாளுக்குள் ஆழம் வந்துவிடும். தூரத்தைக் காட்ட பர்ஸ்பெக்டிவை (எட்டப் போகப்போகப் பொருள் சிறுத்துத் தெரிவதைக் கோடு கிழித்துக் கணக்கிடும் முறை) முதலில் எடுக்க வேண்டாம். அது எட்டாம் வகுப்புக்கு மேல் இருக்கட்டும்.

கோட்டுக்கு ஒவ்வொரு பீரியடிலும் முதல் ஐந்து நிமிடம் ஒதுக்கு. ஒரு சாண் இடைவெளியில் இரண்டு புள்ளி வைத்து, ஒரே இழுப்பில் சேர்க்க வேண்டும். கண் பென்சில் முனையில் இருந்தால் கோடு நடுங்கும். போய்ச் சேர வேண்டிய புள்ளியில் இருந்தால் நேராகப் போகும். மணிக்கட்டை ஊன்றிக்கொண்டு இழுத்தால் கோடு வில்லாய் வளையும். தோளிலிருந்து கை நகர வேண்டும். வாசலில் சிக்குக் கோலம் போடுகிற பிள்ளைகளுக்கு இது ஏற்கெனவே கைவந்த கலை. அவர்களைப் பலகைக்கு அழைத்துப் போடச் சொல்லி, பையன்களையும் கூடப் போடவை. இடைவெளி அளப்பது, இரு பக்கமும் சமம் பார்ப்பது, எடுத்த கோட்டைத் தொடங்கிய இடத்தில் கொண்டுவந்து சேர்ப்பது, மூன்றும் அந்தப் புள்ளிகளுக்குள் இருக்கிறது.

பொருளைப் பார்த்து வரையும்போது சத்துணவுக் கூடத்தில் கேட்டு ஒரு குண்டான் வாங்கி வை. வகுப்பு முழுக்க ஒரே தவற்றைச் செய்யும். வாயை முழு வட்டமாகவோ, இரண்டு முனையும் கூர்த்த மாங்கொட்டை மாதிரியோ போடுவார்கள். அடியை மட்டும் ஸ்கேல் வைத்த மாதிரி நேர்கோடாக அடிப்பார்கள், குண்டான் தரையில் ஆடாமல் நிற்கிறது என்று தெரியும் அல்லவா! திட்டாதே. ஒரு தட்டை எடுத்து, அதன் விளிம்பு பிள்ளையின் கண்ணுக்கு நேர் மட்டத்தில் இருக்கும்படி பிடி. கோடாகத் தெரியும். மெல்ல இறக்கிக்கொண்டே வா. கோடு திறந்து நீள்வட்டமாகும். இறக்க இறக்க வட்டத்தை நெருங்கும். இதை ஒவ்வொரு பிள்ளையும் தன் கண்ணால் பார்த்தாக வேண்டும், பலகையில் போட்டுக் காட்டினால் ஏறாது. குண்டானின் அடி, வாயைவிடக் கண்மட்டத்துக்குக் கீழே இருக்கிறது. ஆகவே அடியின் வளைவு வாயின் வளைவைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். நீள்வட்டத்தின் இரண்டு ஓரமும் எவ்வளவு ஒடுங்கினாலும் உருண்டே திரும்பும், கூராகாது. பின்பக்கம் மறைந்திருந்தாலும் முழு நீள்வட்டத்தையும் லேசாகப் போட்டுவிட்டுப் பிறகு தேவையில்லாததை அழிக்கட்டும். நடுவில் செங்குத்தாக ஒரு கோடு கிழித்து இரண்டு பக்கமும் சரிபார்த்தால் குண்டான் கோணாது.

பென்சிலால் அளக்கச் சொல்லிக் கொடுக்கும்போது முழங்கையைக் கவனி. கை நீட்டி, ஒரு கண்ணை மூடி, அகலத்தை விரலால் குறித்து, அது உயரத்தில் எத்தனை தடவை போகிறது என்று பார்ப்பதுதான் முறை. ஒருமுறை கையை முழுதாக நீட்டி, மறுமுறை முழங்கையை மடக்கினால் கணக்கே மாறிவிடும். அளவு தப்புகிற பிள்ளைகளில் அநேகம் பேருக்குக் கோளாறு இங்கேதான்.

ஒளி நிழலுக்குப் போகும் முன் ஐந்து கட்டம் போடவை, ஒவ்வொன்றும் 2 செ.மீ. முதல் கட்டம் வெறும் தாள். ஐந்தாவது, 6பி பென்சிலால் முடிந்த அளவு கருப்பு (பி-க்கு முன்னால் எண் கூடக்கூட பென்சில் மென்மையாகிக் கருப்பும் கூடும்). பிறகு நடுக்கட்டம், இரண்டாவதும் நாலாவதும் கடைசியில். வரிசையாய் இடமிருந்து நிரப்பினால் மூன்று கட்டம் ஒரே சாம்பலாக இருந்து திடீரென்று கருப்பில் விழும். எழுதுகிற சாதாரண எச்பி பென்சிலை அழுத்தினால் கருப்பு வராது, தாள் பளபளக்கும், அதன்மேல் வேறெதுவும் ஏறாது. ஆளுக்கொரு 4பி-யாவது வேண்டும்.

பிறகு ஒரு வெள்ளைப் பந்து அல்லது முட்டை. ஒரு பக்க ஜன்னலை மட்டும் திறந்து, டியூப்லைட்டை அணைத்துவிடு. இரண்டு பக்கம் வெளிச்சம் வந்தால் நிழல் இரண்டாகி எதுவும் புரியாது. கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் விவரங்கள் மங்கி, வெளிச்சம், இடைநிறம், இருட்டு என்று பெரிய பிரிவுகள் தெரியும். பிள்ளைகள் பந்தின் விளிம்பை மிகக் கருப்பாக்குவார்கள். உண்மையில் மிகக் கருத்த பட்டை விளிம்புக்குச் சற்று உள்ளே இருக்கிறது. கீழே இருக்கும் வெள்ளைத் தாளில் பட்டுத் திரும்புகிற வெளிச்சம் விளிம்பைக் கொஞ்சம் வெளுக்கவைக்கும். கீழே கருப்புத் துணியை விரித்தால் அந்த வெளுப்பு அடங்கிவிடும். தாளையும் துணியையும் மாற்றி மாற்றிக் காட்டு. அதைப் பார்த்த பிள்ளை அப்புறம் பந்தைச் சுற்றி வளையம் போடாது.

வண்ணத்தில் பன்னிரண்டு குப்பி செட் வேண்டாம். லெமன் எல்லோ, கிரிம்சன் (நீலச் சாயல் உள்ள சிவப்பு), ஸ்கார்லெட் (மஞ்சள் சாயல் உள்ள சிவப்பு), அல்ட்ராமரைன் (ஊதாச் சாயல் உள்ள நீலம்), பிரஷ்யன் புளூ (பச்சைச் சாயல் உள்ள நீலம்), வெள்ளை, ஆறு போதும். சிவப்பும் நீலமும் சேர்ந்தால் ஊதா என்று புத்தகம் சொல்லும். பிள்ளை ஸ்கார்லெட்டையும் பிரஷ்யன் புளூவையும் கலந்து, சேறு வந்தது என்று அழும். ஸ்கார்லெட்டில் மஞ்சள் சாயல் ஒளிந்திருக்கிறது, அதுதான் காரணம். மஞ்சள், சிவப்பு, நீலம் மூன்றும் கூடினால் பழுப்புதான் வரும். கிரிம்சனோடு அல்ட்ராமரைன் சேர்த்தால் சுத்தமான ஊதா. பச்சைக்கு எப்போதும் மஞ்சளை முதலில் எடுத்து, நீலத்தைப் பிரஷ் நுனியில் தொட்டுத் தொட்டுச் சேர்க்க வேண்டும். நீலத்தில் மஞ்சளைக் கொட்டினால் பாதிக் குப்பி காலியாகும். வந்த பச்சை பிளாஸ்டிக் மாதிரி மினுங்கினால் துளி கிரிம்சன் விடு, இலையின் பச்சையாக அடங்கும். கருப்பு வாங்கவே வேண்டாம். மஞ்சள் பழத்தின் நிழலுக்குக் கருப்பைச் சேர்த்தால் பாசிப் பச்சையாகிப் பழம் அழுகினது போல ஆகும். அந்த மஞ்சளிலேயே துளி ஊதா கலந்து நிழல் போடட்டும்.

போஸ்டர் கலர் கெட்டி மோர் பதத்தில் இருக்க வேண்டும். அதைவிடக் கெட்டியானால் காய்ந்ததும் வெடிக்கும், நீர்த்தால் திட்டுத் திட்டாக நிற்கும். ஈரத்தில் தெரிகிற நிறம் காய்ந்த பிறகு மாறும் என்பதால், தாளின் ஓரத்தில் ஒரு பொட்டு வைத்துக் காயவிட்டுப் பார்க்கப் பழக்கு.

காசு இல்லாத வாரத்தில் செம்மண்ணும் செங்கல் பொடியும் இருக்கிறதே. வேட்டித் துணியில் சலித்த பொடி இரண்டு ஸ்பூன். வேலம் பிசினை இரண்டு மடங்கு தண்ணீரில் இரவு ஊறவைத்து வடிகட்டிய கரைசல் ஒரு ஸ்பூன். பிசின் கூடினால் பூச்சு விரிசல் விடும், குறைந்தால் விரலில் ஒட்டிக்கொண்டு வரும். மஞ்சள்தூளும் சுண்ணாம்பும் சேர்ந்து ஆரத்திச் சிவப்பாவதைப் பிள்ளைகள் நிறக்கலவை என்று நினைப்பார்கள். அது ரசாயன மாற்றம், வண்ணச் சக்கரத்தில் சேராது என்று சொல். வெயிலில் மஞ்சள்தூளின் நிறம் சீக்கிரம் வெளுத்துவிடும், மண்ணின் நிறம் நிற்கும். ஆம்பூர்ப் பக்கம் மலையாம்பட்டில், ஆர்மாமலைக் குகையில் 8-ஆம் நூற்றாண்டுச் சமண ஓவியம் சிதைந்தாவது இன்னும் தெரிகிறதென்றால் மண்ணும் கல்லும் கொடுத்த நிறம் அது.

கரிக்கோலை நீயே செய்துகொள்ளலாம். காளஹஸ்தி கலம்காரிக்காரர்கள் துணியில் முதல் கோட்டைப் புளியங்குச்சிக் கரியால்தான் போடுவார்கள் (1911-இல் சித்தூர் மாவட்டம் பிரியும் வரை காளஹஸ்தி நம் வடஆற்காட்டில்தான் இருந்தது). பென்சில் கனத்துப் புளியங்குச்சியைத் தோல் உரித்து, நன்றாகக் காயவைத்து, பால்பவுடர் டப்பாவில் நெருக்கமாக அடுக்கு. இடுக்கெல்லாம் உலர்ந்த மணலால் நிரப்பி, மூடியில் ஆணியால் ஒரே ஓட்டை போட்டு அடுப்புத் தணலில் வை. ஓட்டையில் புகை வரும். புகை முழுக்க நின்றதும் எடுத்துவிடு. ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகும். சூடாக இருக்கும்போது மூடியைத் திறந்தால் காற்றுப் பட்டுக் குச்சியெல்லாம் சாம்பல்தான். இராத்திரி அப்படியே விட்டுக் காலையில் திற. குச்சி நடுவில் பழுப்பாக இருந்தால் இன்னும் வேகவில்லை, அது தாளைக் கீறும்.

பரப்பின் சொரசொரப்புக்கு முறம், வேப்பம்பட்டை, பாறை மூன்றின் மேலும் மெல்லிய தாள் வைத்து மெழுகு கிரேயானைப் படுக்கவைத்துத் தேய்த்தால் ஒரு பீரியடில் முடிந்துவிடும்.

பிள்ளைகளை எப்போதாவது வேலூருக்குக் கூட்டிவந்தால் கோட்டைக்குள் ஜலகண்டேசுவரர் கோயில் கல்யாண மண்டபத்துக்குப் போங்கள். யாளித் தூணை முழுசாக வரையச் சொன்னால் அந்த நுணுக்கத்தில் மிரண்டுபோவார்கள். கால்களுக்கு நடுவே தெரிகிற வெற்றிடத்தின் வடிவத்தை மட்டும் வரையச் சொல். அதற்குப் பெயர் கிடையாது, மனப்பாடமாக ஒரு படமும் கிடையாது. ஆகவே பார்த்தே ஆக வேண்டும். அந்த வெற்றிடம் சரியாக விழுந்தால் கால் தானாக நிற்கும். அதற்கு முன்னால் வகுப்பிலேயே உன் நாற்காலியின் கால்களுக்கு நடுவே பழக்கிவிடு.

இன்னொன்று, பாப்பா. பிள்ளையின் படத்தின் மேல் உன் பென்சில் படவே கூடாது. திருத்திக் காட்ட வேண்டுமானால் உன் நோட்டில் போட்டுக் காட்டு. ‘நல்லா இருக்கு’ என்று பொதுவாகச் சொல்லாமல் ‘இந்த அடிவளைவு சரியா விழுந்திருக்கு, வாயை இன்னொருமுறை பாரு’ என்று இடத்தைத் தொட்டுச் சொல். தேதி போட்டுப் பழைய படத்தையெல்லாம் பத்திரமாக வை, அந்த முக்கோண மலைகளையும் சேர்த்து. ஆண்டு முடிவில் அவரவர் படத்தை அவரவர் முன்னால் வரிசையாக வைக்கலாம்.

சனிக்கிழமை போளூர் வழியாக வருபவரிடம் ஒரு பெட்டி கொடுத்து அனுப்புகிறேன். 4பி பென்சில் இரண்டு டஜன், ஆறு நிறக் குப்பிகள், வேலம் பிசின் கால் கிலோ இருக்கும். அம்மா இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காய் ஒரு கிலோ கட்டி வைத்திருக்கிறாள். காம்பு முள்ளோடு ஐந்தை எடுத்து வகுப்பில் ஜன்னலோரம் வை. ஊதாவுக்குக் கிரிம்சனும் அல்ட்ராமரைனும், காம்புக்கு அடங்கின பச்சை, அதன் தோலில் ஜன்னல் பளிச்சென்று விழுகிற இடத்துக்கு வெறும் தாள். முதல் நாளே வரைந்துவிடுங்கள், இரண்டாம் நாள் அந்தப் பளபளப்பு இருக்காது. மீதிக் காயைக் குழம்பு வைத்துச் சாப்பிடு.

அன்புடன்,
அப்பா