ஜேம்ஸ் ரூஸுக்கு ஒரு கடிதம்: ஒன்றரை ஏக்கர் கோதுமை

மதிப்பிற்குரிய ஜேம்ஸ் ரூஸ் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் வயலைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

1782இல் இங்கிலாந்தின் போட்மின் நீதிமன்றத்தில், இரண்டு வெள்ளிக் கடிகாரங்களைத் திருடியதற்காக உங்களுக்குத் தூக்கு விதித்தார்கள். பிறகு அதை 7 ஆண்டு நாடுகடத்தலாகக் குறைத்தார்கள். பிளிமத் துறையில் நின்ற 'டன்கர்க்' சிறைக்கப்பலில் ஆண்டுகள் கழிந்தன. 1788 ஜனவரியில் 'ஸ்கார்பரோ' கப்பலில் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் குடியேற்றத்துக்கு வந்து சேர்ந்தீர்கள். அடுத்த ஆண்டே தண்டனை முடிந்தது என்றீர்கள்; ஆனால் கைதிகளின் தண்டனைத் தாள்கள் இங்கிலாந்திலேயே தங்கிவிட்டதால் அதைச் சரிபார்க்க வழியில்லை. அப்படியும் ஆளுநர் ஆர்தர் பிலிப் 1789 நவம்பரில் ரோஸ் ஹில்லில், இன்றைய பரமட்டாவில், உங்களுக்கு நிலம் கொடுத்துப் பார்த்தார். கூடவே குடிசை, விதை, கருவிகள், 2 பெண்பன்றிகள், 6 கோழிகள்.

அவருக்கு வேறு வழியும் இல்லை. 1790 ஏப்ரலில் ஓர் ஆளுக்கு வாரப்படி இரண்டரை பவுண்டு மாவு, 2 பவுண்டு அரிசி, 2 பவுண்டு பன்றிக்கறி, அவ்வளவுதான். கப்பலில் வந்த கோதுமை விதையில் பெரும்பகுதி வெக்கையிலும் வண்டிலும் கெட்டிருந்தது. முதலில் குடியேறிய சிட்னி கோவ் விரிகுடாக் கரையின் மண் மணல். மாடுகள் 1788லேயே காட்டுக்குள் ஓடிவிட்டன. ஏர் பூட்ட வழியில்லை.

கார்ன்வாலில் விவசாயியாகவே வளர்ந்தவர் நீங்கள். அங்கேதான் வித்தியாசம் தெரிகிறது. வெட்டிச் சாய்த்த மரங்களை எரித்துச் சாம்பலை மண்ணோடு கொத்திச் சேர்த்தீர்கள். நாளொன்றுக்கு 8, மிஞ்சினால் 9 சதுரக் கோல். நம் கணக்கில் 5 சென்டுக்குச் சற்று மேல். இந்த வேகத்தில் உங்கள் ஒன்றரை ஏக்கர் கோதுமை நிலத்தைக் கொத்தவே ஒரு மாதம் ஆகும். அரசுப் பண்ணையில் மேலாகக் கீறிவிட்டுப் போனார்கள் என்று நீங்களே குறை சொன்னீர்கள். கட்டிகளை உடைத்து, புல்லையும் களையையும் உள்ளே புதைத்து, வெயிலிலும் காற்றிலும் முடிந்தவரை ஆறப்போட்டு, விதைப்புக்குச் சற்று முன் மறுபடி புரட்டினீர்கள். மாடில்லாத ஊரில் சாணத்துக்கு எங்கே போவது? வைக்கோலையும் மக்கக்கூடிய எல்லாவற்றையும் குழியில் போட்டு எருவாக்கத் திட்டமிட்டீர்கள். அறுவடைக்குப் பின் டர்னிப் என்ற கிழங்குப் பயிரை விதைத்து நிலத்தைப் பதப்படுத்தும் எண்ணமும் இருந்தது. இதையெல்லாம் 1790 நவம்பரில் கடற்படை வீரர் அணியின் அதிகாரி வாட்கின் டென்ச் கேட்டு எழுதி வைத்தது பெரும் நன்மை.

அந்த ஆண்டு 3 புஷல் (அன்றைய தானிய அளவை) விதையைக் கையால் வீசி விதைத்து, 12 அல்லது 13 புஷல் எதிர்பார்த்தீர்கள். சுமார் 80 கிலோவுக்கு 340 கிலோ, நாலு மடங்கு. நல்ல விளைச்சல் என்று இதைச் சொல்ல மாட்டேன். ஆனால் மே மாதம் விதைத்தது ஜூனில் விதைத்ததைவிட நன்றாக வந்தது என்று கவனித்தீர்களே, அந்தத் தாளில் எனக்கு மிகப் பிடித்த வரி அதுதான். அடுத்த ஆண்டுக்கான அறிவு அதில் இருந்தது. 1791 பிப்ரவரியில் அரசுக் கிடங்கின் படி இனி வேண்டாம் என்றீர்கள். ஏப்ரலில் 30 ஏக்கர் உங்கள் பெயருக்கு வந்தது. மனைவி எலிசபெத் பெரியின் உழைப்பும் அதில் பாதி.

அந்த மண் பரமட்டகல் என்ற பூர்வகுடி மக்களுடையது. அவர்களைக் கேட்டு யாரும் பட்டா எழுதவில்லை. இதைச் சொல்லாமல் உங்களைப் பாராட்ட எனக்கு மனம் வரவில்லை.

1793இல் அந்த நிலத்தை 40 பவுண்டுக்கு விற்று, அடுத்த ஆண்டு ஹாக்ஸ்பரி ஆற்றங்கரைக்குப் போனீர்கள். அங்கே எரு தேடும் வேலையில்லை, வெள்ளமே வண்டல் போட்டது. 1806லும் 1809லும் அதே வெள்ளம் பயிரை வாரிக்கொண்டு போனது. 1828இல், எழுபதை நெருங்கும் வயதில், வேறொருவர் பண்ணையில் மேற்பார்வையாளராக இருந்தீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் வயற்கணக்கை வாசிக்கும் ஒருவர்