வந்தாறுமூலைக்குப் பதில் எப்போது?

ஆசிரியர் அவர்களுக்கு,

1990 செப்டெம்பர் 5 ஆம் திகதி வந்தாறுமூலை கிழக்குப் பல்கலைக்கழக வளாகத்தில் தஞ்சமடைந்திருந்தவர்களில் 158 பேர் இராணுவத்தினரால் கொண்டுசெல்லப்பட்டார்கள். 1994 இல் நியமிக்கப்பட்ட ஜனாதிபதி ஆணைக்குழு இதுபற்றிச் சாட்சியங்களைக் கேட்டிருந்தும், அவர்களுக்கு என்ன நேர்ந்தது என்பதை எந்த அரசும் உறவினருக்கு இன்றுவரை சொல்லவில்லை. பிள்ளையைத் தேடி முகாம் முகாமாக அலைந்த தாய்மார் பலர் பதிலின்றியே கண்மூடிவிட்டனர். 2016 ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகம், இழப்பீட்டைப் பற்றிப் பேசுவதற்கு முன்னர், கட்டளையிட்டவர் யார் என்பதை வெளிப்படுத்த வேண்டும். 1990 ஓகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையின்போது விடுதலைப் புலிகளால் கொல்லப்பட்டவர்களின் குடும்பங்களுக்கும் இதே உரிமை உண்டென்பதைத் தமிழர்களாகிய நாம் தயங்காமல் சொல்ல வேண்டும். சாட்சிகள் முதுமையடைந்து வருவதால், அவர்களது வாக்குமூலங்களை இவ்வாண்டிலேயே தமிழில் பதிவுசெய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

வாசகர் ஒருவர்,
செங்கலடி, மட்டக்களப்பு.