ரிட்டர்ன் ஆன கட்டு

பாப்பாவுக்கு,

நல்லா இருக்கியா. இங்க எல்லாரும் சுகம், அம்மாவுக்கு முட்டி வலி பழையபடி, மழை விட்டு விட்டுப் பெய்யுது. மூணு வாரமா நீ போன் எடுத்தாலும் ரெண்டு நிமிஷம்தான், வேலை இருக்குப்பா அப்புறம் பேசுறேன்னு வச்சிடுற, அதான் இதை டைப் பண்றேன். சீனியர் வக்கீல் கோர்ட்டுக்குப் போன நேரமா பாத்து ஆபீஸ் கம்ப்யூட்டர்ல உக்காந்து ஒத்த விரல்ல அடிக்கிறேன், தப்பு இருந்தா கண்டுக்காத.

சுத்தி வளைக்கல. எனக்குத் தெரியும் தாயி.

தம்பி மேல கோவப்படாத, அவன் முதல்ல வாயே திறக்கல. நானேதான் பாத்தேன். நியூயார்க்ல அந்த வக்கீல் லைசென்ஸ் பரீட்சையில பாஸானவங்க லிஸ்ட்டைப் பொதுவுல போடுவாங்கன்னு நீதான ஜூலையில சொன்ன, நமக்குத்தான் ராத்திரி ஆனா மறுநாள் கேஸ் வரிசை போட்ட காஸ் லிஸ்ட் பாக்காம சோறு இறங்காதே, அப்படியே ஒரு நாள் அதையும் திறந்தேன். அங்க லாஸ்ட் நேம் வச்சுத்தான் தேடணும், உன் பாஸ்போர்ட்ல லாஸ்ட் நேம்னு இருக்கறது என் பேரு, ஆக 34 வருஷம் குமாஸ்தாவா இருந்தவன் நியூயார்க் வக்கீலுங்க லிஸ்ட்டுல தன் பேரைத் தானே அடிச்சுத் தேடுறேன் பாத்துக்க. வரல. ஸ்பெல்லிங்ல ஒரு ஹெச் சேத்துப் பாத்தேன், எடுத்துப் பாத்தேன், உன் பேரை முன்னாடி போட்டுப் பாத்தேன். அப்புறம் கம்ப்யூட்டரை ஆஃப் பண்ணிட்டு டீ குடிக்கப் போயிட்டேன். மறுநாள் தம்பியை நல்லா நெருக்கின பிறகுதான் 258னு சொன்னான், பாஸாக 266 வேணும், 8 கம்மி.

நீ எங்கிட்ட சொல்லாம இருந்தது 19 நாள். தாமதத்தை மன்னிக்கச் சொல்ற டிலே கண்டோன் பெட்டிஷன் நீ போடலைன்னாலும் நானே அலவ் பண்ணிட்டேன், செலவுத் தொகை எதுவும் கட்டச் சொல்லாம. ஏன்னா தப்பு என் மேலயும் இருக்கு. ஆகஸ்ட்லயே நம்ம பார் அசோசியேஷன் கேன்டீன்ல, பாப்பா நியூயார்க் அட்டர்னி ஆயிட்டான்னு ரெண்டு பேர்கிட்ட சொல்லிட்டேன், அந்த ரெண்டு பேர் யாருன்னு உனக்கே தெரியும், அப்ப எத்தனை பேருக்குப் போயிருக்கும்னும் தெரியும். ரிசல்ட்டே வராத பரீட்சைக்கு இனிப்பு குடுத்த ஆளு உங்கப்பன்தான். நீ போனை வச்சதுக்கு அதுவும் ஒரு காரணமா இருக்கும். அந்த கேன்டீனை நான் பாத்துக்கிறேன், அது உன் கவலை இல்ல.

இப்ப அந்த 258க்கு வருவோம். மார்க் ஷீட்டைத் தம்பி அனுப்பினான். எழுதுற பகுதியில 136, மல்டிபிள் சாய்ஸ்ல 122. பாதிக்குப் பாதி 133ன்னு வச்சா எழுத்துல நீ கூடவே வாங்கியிருக்க. அவங்க ஃபைல் ஒண்ணு குடுத்து, அதுல உள்ள கேஸை மட்டும் வச்சு ஒண்ணரை மணி நேரத்துல மெமோ எழுதச் சொல்றாங்கல்ல, அது நீ இங்க தினம் செஞ்ச வேலை, அது உன்னைக் காப்பாத்திருக்கு. விழுந்தது ரெண்டாவது நாள்ல, 200 கேள்வி, 6 மணி நேரம், கணக்குப் பாத்தா ஒரு கேள்விக்கு 1 நிமிஷம் 48 செகண்ட். அதுல நீ விழுந்தது படிக்காததுனாலன்னு நான் நம்பல. போன வருஷ தீபாவளிக்குப் பேசுறப்ப நீயே ஒண்ணு சொன்ன, ஞாபகம் இருக்கா? கான்ட்ராக்ட் கிளாஸ்ல ஏற்கனவே செஞ்சு முடிச்ச உதவிக்குப் பின்னாடி பணம் தர்றேன்னு வாக்குக் குடுத்தா செல்லுமான்னு கேட்டாங்க, நீ டக்குனு செல்லும்னு சொல்லிட்ட, நம்ம கான்ட்ராக்ட் ஆக்ட் 2(டி)ல செஞ்சு முடிச்சதும் கன்சிடரேஷன்தான், அதாவது வாக்குக்கு ஈடான பிரதிபலன்தான், 25(2)வும் இருக்கு, ஆனா அங்க முடிஞ்சு போனது கன்சிடரேஷன் ஆகாதுன்னு புரொஃபசர் சிரிச்சிக்கிட்டே சொன்னாருன்னு. 200 கேள்வியில இப்படி ஒரு 15 கேள்வி இருந்திருக்கும், உன் கை மதுரைக் கையாவே பதில் குறிச்சிருக்கும். அஞ்சு வருஷம் நின்னு பேசின கை சட்டுனு மாறாது. அந்த 25, 26 வயசுப் பிள்ளைங்களுக்கு மறக்க வேண்டியது ஒண்ணும் இல்ல, உனக்கு இருக்கு. இந்த தடவை புதுசா படிக்கிறதை விட நம்ம சட்டமும் அவங்க சட்டமும் எங்க எங்க பிரியுதுன்னு ஒரு நோட்டுப் போடு, அடுத்தவங்க சொன்னதைச் சாட்சியா சொல்ற ஹியர்சேக்கு ஒரு பக்கம், கன்சிடரேஷனுக்கு ஒரு பக்கம், ப்ராப்பர்ட்டிக்கு நாலு பக்கம். நான் வக்கீல் இல்ல, தப்பா சொன்னா விட்டுடு.

வெளிநாட்டுல சட்டம் படிச்சு அந்தப் பரீட்சை எழுதுறவங்கள்ல பாதிப் பேர் கூடத் தேறாத வருஷம் நிறைய உண்டுன்னு நீயே போறதுக்கு முன்னாடி சொல்லிட்டுத்தான் போன. பெரிய ஆளுங்க ஃபெயிலான கதையைச் சொல்லி சமாதானம் பண்றது எனக்குப் பிடிக்காது, ஆனா ஒண்ணே ஒண்ணு. ஸ்டான்ஃபோர்ட் லா ஸ்கூலுக்கு டீனா இருந்த கேத்லீன் சல்லிவன் 2005ல கலிஃபோர்னியா பார் பரீட்சை எழுதி ஃபெயில். அரசியல் சட்டத்துல அந்தம்மா எழுதின புத்தகத்தைத்தான் பிள்ளைங்க படிக்குதுங்க. அடுத்த வருஷம் எழுதி பாஸ் பண்ணிட்டாங்க. அவ்வளவுதான், அதுக்கு மேல கதை இல்ல.

உன் முதல் சொந்த பெட்டிஷன் ஞாபகம் இருக்கா பாப்பா? மூணு தடவை ரிட்டர்ன். முதல் தடவை கோர்ட் ஃபீ கம்மி, ரெண்டாவது தடவை டைப்டு செட்ல பக்க நம்பர் தப்பு, மூணாவது தடவை செக்‌ஷன்ல சிவப்பு இங்க்ல "ஹவ் மெயின்டெய்னபிள்"னு, இது எப்படி விசாரணைக்கு நிக்கும்னு ஒரே வரி. நீ ஒத்தக்கடைப் பக்கம் அந்த டூவீலர் ஸ்டாண்ட்ல கேஸ் கட்டை மடியில வச்சுக்கிட்டு அழுத. நான் அப்ப சொன்னது, டிஸ்மிஸ் பண்ணினா உள்ள வச்சுக்குவான், ரிட்டர்ன்னா கையில குடுத்துட்டான், குறை என்னன்னும் எழுதிக் குடுத்துட்டான், ரெண்டு வாரம் டைமும் குடுத்துட்டான். நாலாவது தடவை கேஸ் நம்பர் ஆகி அந்த வாரமே இடைக்காலத் தடை வாங்கின. இப்பவும் அதேதான், குறை 122ன்னு எழுதியே குடுத்துட்டாங்க. வக்கீல் ஒழுக்க விதிக்கு வைக்கிற எம்பிஆர்இ பாஸ் பண்ணிட்ட, அந்த 50 மணி நேர இலவச சட்ட உதவியை காலேஜ் லீகல் கிளினிக்லயே முடிச்சிட்ட, நியூயார்க் சட்டத்துக்குன்னு தனியா வைக்கிற ஆன்லைன் பரீட்சையும் முடிஞ்சது. மிச்சம் ஒரு டிஃபெக்ட்.

அடுத்தது, அம்மாகிட்ட நீ ஒரு நாள் சொன்னியாம், எல்எல்எம் மேல்படிப்புக்கு வாங்கின 40 லட்சம் கடன் தண்டம்னு. அதைக் கேட்டு ரெண்டு நாள் எனக்குத் தூக்கம் இல்ல, தண்டம்னு நினைச்சு இல்ல, நீ அப்படி நினைக்கிறியேன்னு. நானும், வெளிநாட்டுல சட்டம் படிச்சவங்க யாரு நியூயார்க் பரீட்சை எழுதலாம்னு சொல்ற 520.6ன்னு அந்த ரூலைப் பிரிண்ட் எடுத்து டிக்‌ஷனரி வச்சுப் படிச்சேன். படிச்ச காலம் அவங்க காலத்துக்குச் சமமா, படிச்ச சட்டம் இங்கிலாந்து வழியில வந்த காமன் லா தானா, ரெண்டு கேள்வி. ரெண்டுக்கும் ஆமான்னா எல்எல்எம் இல்லாமலே பரீட்சை எழுத விடுறாங்க, ஒண்ணுல குறைன்னா 24 கிரெடிட் எல்எல்எம் படிச்சு சரி பண்ணிக்கலாம், ரெண்டுலயும் குறைன்னா அது ஆகாது. அப்ப நம்ம ஊரு காமன் லா ஊரு, சிலர் நேராவே எழுதுறாங்க, கலிஃபோர்னியாவுலயும் வேற நாட்டுல லைசென்ஸ் வாங்கின வக்கீல் நேரா எழுதலாம். இதையெல்லாம் அந்த கன்சல்டன்சிக்காரர் நமக்கு ஒரு வார்த்தை சொல்லல, எல்எல்எம் முடிச்சா வேலை வீடு தேடி வரும்னுதான் சொன்னாரு, கேக்காதது நம்ம தப்பு. ஆனா நீ பரீட்சைக்காக மட்டுமா போன? கோர்ட்டுக்கு வெளிய நடுவர் வச்சு வழக்கைத் தீக்குற ஆர்பிட்ரேஷன் படிக்கணும்னு போன. படிச்ச. ஒரு கிளாஸுக்கு 60 பக்கம் படிச்சிட்டுப் போயி, பேரைச் சொல்லிக் கூப்பிட்டா எந்திரிச்சுப் பதில் சொல்லணும்னு பயந்து, டிசம்பர்ல பயம் விட்டு, ஏப்ரல்ல நீயே கை தூக்கினன்னு சொன்ன. அந்தக் கணக்கைப் பேங்க்ல போட முடியாது, அதுக்காக அது தண்டமா?

அப்புறம் இந்த கிளர்க் விஷயம். குயின்ஸ்ல அந்த இமிகிரேஷன் வக்கீல் ஆபீஸ்ல "லா கிளர்க்"னு சேந்திருக்கேன்னு நீ சொன்னப்ப உன் குரலே இறங்கிடுச்சு, எனக்குக் கேட்டுச்சு. எனக்கு முன்னாடி அந்த வார்த்தையைச் சொல்லக் கூச்சப்பட்டியா, இல்ல அந்த வேலைக்கே கூச்சப்பட்டியான்னு தெரியல. நான் சிரிச்சேன், நீ கவனிச்சியோ என்னவோ. அங்க லைசென்ஸ் வர்ற வரைக்கும் நிறையப் பேர் அந்தப் பேர்லதான் உக்கார்றாங்க, ஜட்ஜ்கிட்ட கிளர்க்கா இருக்கறதுன்னா அது பெரிய மரியாதை. திருநெல்வேலிப் பக்கம் பூர்வீகம் உள்ள ஸ்ரீ ஸ்ரீனிவாசன், வாஷிங்டன்ல டிசி சர்க்யூட் அப்பீல் கோர்ட்ல 2013லேருந்து ஜட்ஜா இருக்காரே, அவரும் அமெரிக்க சுப்ரீம் கோர்ட் ஜட்ஜ் ஓ'கானர் அம்மாகிட்ட கிளர்க்கா இருந்தவர்தான் (அவர் படிச்சது அந்த ஊரு சட்டப் பட்டமான ஜேடி, அது வேற ரூட்டு). நான் ஸ்டாம்ப் ஒட்டி கட்டு தைச்ச கிளர்க்கு, நீ டிராஃப்ட் பண்ற கிளர்க்கு, இந்த வீட்டுக்கு அது புதுப் பேரு இல்ல.

விசா பத்தி. இதுல நான் சொல்றது கொஞ்சம்தான், நீ அதே ஆபீஸ்ல இருக்க. படிப்பு முடிச்சவங்களை வேலை பாக்க விடுற ஓபிடி 12 மாசம், இன்ஜினியரிங் பிள்ளைங்க மாதிரி நீட்டிக்க வழி இல்ல, ஜூலையோட முடியுது. வேலை விசாவான ஹெச்-1பி லாட்டரி 85,000 இடம், 2025 செப்டம்பர்ல அதுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணும்னு உத்தரவு வந்து அம்மா அழுது, அமெரிக்காவுக்குள்ள இருந்தே விசா ஸ்டேட்டஸ் மாத்துறவங்களுக்கு அது இல்லைன்னு அக்டோபர்ல விளக்கம் வந்து கண்ணைத் துடைச்சா. அதெல்லாம் ஆகுறபடி ஆகட்டும். நான் கேக்குறது ஒண்ணுதான், பரீட்சை ஒரு கேஸு, விசா ஒரு கேஸு, கடன் ஒரு கேஸு, நீ மூணையும் ஒரே கட்டா தைச்சு நெஞ்சுல வச்சுக்கிட்டு இருக்க. பிரிச்சு வை. நியூயார்க் பார்ல சேர அந்த நாட்டுக் குடிமகளா இருக்கணும்னு இல்ல, அங்கயே குடியிருக்கணும்னும் இல்ல, அப்ப பிப்ரவரியில எழுதிட்டு ஜூலையில ஊருக்கு வந்தாலும் அந்த லைசென்ஸ் உன்னுதுதான், சென்னையிலயோ சிங்கப்பூர்லயோ ஆர்பிட்ரேஷன் பாக்குறவங்க அதைக் கேட்டு எடுப்பாங்க. எழுதாம வந்தாலும் உன் வக்கீல் இன்ரோல்மென்ட் இங்க உயிரோடதான் இருக்கு, வக்கீல் நலநிதி சந்தா நான் கட்டிக்கிட்டுத்தான் வர்றேன்.

கடனுக்கு மாசம் 35,000 வட்டி, அடுத்த மே வரைக்கும் வட்டி மட்டும்தான். இதுவரைக்கும் ஒரு மாசம் கூட நிக்கல. சீனியர் ரெண்டு நிலக் கேஸ்ல செட்டில்மென்ட் ஆனதுக்குத் தனியா குடுத்தாரு, தம்பியும் தர்றான். வீட்டுப் பத்திரம் பேங்க்ல பத்திரமா இருக்கு, நம்ம பீரோவை விட அங்கதான் கரையான் இல்ல.

2026 பிப்ரவரி 24, 25ல எழுதுறியா, ஜூலைக்குத் தள்ளுறியா, வேண்டாம்னு விடுறியா, நீ சொல்லு. எழுதுறதுன்னா ஃபீஸ் 750 டாலர், நம்ம காசுக்கு 66,000 கிட்ட, தம்பி போட்டுடுவான், அதை யோசிச்சுக் கெடுவை விட்டுடாத. நீ கெடுவை விட்டா மட்டும் எனக்குக் கோவம் வரும், அது தொழில் புத்தி.

அம்மாகிட்ட 258ன்னு சொல்லல. ரிட்டர்ன் ஆகியிருக்குன்னு மட்டும் சொன்னேன். என்னோட 30 வருஷம் குடும்பம் நடத்துனவ, எத்தனாவது தடவைன்னு கேட்டா. முதல் தடவைன்னேன். அப்படியான்னுட்டு குழம்பைப் பாக்கப் போயிட்டா.

நேத்து வெயில் கொஞ்சம் அடிச்சுது, உன் வக்கீல் கவுனை எடுத்துக் காயப் போட்டேன். கழுத்துப் பக்கம் பூச்சி அரிச்சிருக்கு, டெய்லர்கிட்ட குடுத்திருக்கேன். ஊருக்கு வான்னு சொல்றதா எடுத்துக்காத, மழைக்காலம்ல, அதான்.

சனிக்கிழமை உனக்குக் காலையில, எங்களுக்குச் சாயங்காலம், கூப்பிடுவேன். எடு.

அப்பா