அம்மம்மாவின் 'உது'வும் ஜப்பானில் ஒரு வருடமும்

ஆசிரியருக்கு வணக்கம்.

நல்ல வேலையை விட்டுவிட்டு முப்பது வயதில் 'வொர்க்கிங் ஹாலிடே' (ஊர் பார்த்தபடி கைச்செலவுக்கு வேலையும் செய்யலாம் என்ற விசா) என்று ஜப்பானுக்கு ஓடும் பிள்ளைகளைப் பற்றி, சேமிப்பெல்லாம் கரைகிறதே என்று வாசகர் ஒருவர் சென்ற வாரம் வருந்தி எழுதியிருந்தார். அப்படி ஓடியவர்களில் நானும் ஒருத்தி. ரொறன்ரோவில் ஒரு காப்புறுதி நிறுவனத்தில் ஏழு வருடம் விபத்து இழப்பீட்டுக் கோப்புகளைப் பார்த்துக்கொண்டிருந்தவள்.

கனடியர்களுக்கு அந்த விசா 18 வயது முதல் 30 வயது வரைதான். 31 பிறக்க ஐந்து மாதம் இருக்கும்போது இங்குள்ள ஜப்பானியத் துணைத்தூதரகத்தில் விண்ணப்பித்தேன். ஏன் போகிறாய், ஒரு வருடம் என்ன செய்வாய் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். 'இனி என்ன வேலை செய்வது என்று யோசிக்க' என்று முதலில் எழுதினேன், அப்புறம் அழித்துவிட்டேன். சட்டப்படி அது விடுமுறைக்கான விசா. வேலை செய்வது கைச்செலவுக்குத்தான். 'மொழி படிக்க, ஊர் பார்க்க' என்று மாற்றி எழுதினேன். அதுவும் பொய்யில்லை.

முதல் மூன்று மாதம் ஒசாகாவில் மொழிப் பள்ளி. இரண்டாம் நாளே 'கொரே, சொரே, அரே' வந்தது. என் பக்கத்தில் இருப்பது கொரே, உன் பக்கத்தில் இருப்பது சொரே, இருவருக்கும் எட்ட இருப்பது அரே. வகுப்பில் மற்றவர்கள் சொரேயில் தடுமாற, எனக்கு யாழ்ப்பாணத்து அம்மம்மாவின் குரல் கேட்டது: "உது என்ன கையில?" இது, உது, அது, எது. கொரே, சொரே, அரே, தொரே. ஸ்காபரோவில் வளர்ந்த நான் 'உது' சொல்வதை எப்போது விட்டேன் என்றே தெரியவில்லை. 'தபெத்தே மிரு' என்றால் 'சாப்பிட்டுப் பார்ப்பது', சொல்லுக்குச் சொல் அப்படியே. சுசுமு ஓனோ என்ற ஜப்பானிய அறிஞர் இரு மொழிகளுக்கும் உறவு உண்டென்று பல வருடம் வாதாடினார். பெரும்பாலான மொழியியலாளர்கள் ஏற்கவில்லை. உறவோ இல்லையோ, என் வீட்டுப்பாடத்துக்கு உதவியது.

பிறகு வேலை. நிசெகோ போன்ற பனிச்சறுக்கு ஊர்களுக்குப் போனால் ஆங்கிலத்திலேயே காலம் ஓடிவிடும் என்று ஹியோகோ மாகாணத்தில் கினொசாகி என்ற வெந்நீரூற்று ஊருக்குப் போனேன். அங்கே ஏழு பொதுக் குளியலிடங்கள். விருந்தினர் யுகாத்தா என்ற மெல்லிய பருத்தி அங்கி உடுத்தி, மரச்செருப்பு டக்டக்கென ஒலிக்க ஒவ்வொன்றாகப் போய்வருவார்கள். நான் ஒரு ரியோகானில் (பாரம்பரிய ஜப்பானிய விடுதி) சாப்பாட்டுத் தட்டு தூக்கவும் படுக்கை விரிக்கவும் இருந்தேன். நவம்பரில் நண்டுக் காலம் தொடங்கியது, என் முதுகு கழன்றது.

ஒரு நாள் இரவு, வலக்கை சரியாக இயங்காத பெரியவர் ஒருவர் சாப்பிட உட்கார்ந்தார். யாரும் சொல்லாமலே கிண்ணங்களை இடப்பக்கம் மாற்றி, நண்டின் ஓட்டை உடைத்து வைத்தேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை, முழுவதையும் தானே சாப்பிட்டு முடித்தார். ஏழு வருடத்தில் எத்தனையோ உடைந்த தோள்களைக் கோப்பில் பார்த்திருக்கிறேன். ஒரு தோளையும் நேரில் பார்த்ததில்லை. அன்றிரவு படுக்கும்போது இதுதான் ஓடிக்கொண்டிருந்தது.

டிசம்பரில் ஜேஎல்பிடி என்ற ஜப்பானிய மொழித் தேர்வில் என்-3 நிலை எழுதினேன். தேற 180க்கு 95 வேண்டும். நான் எடுத்தது 98. ஆனால் தோல்வி! மூன்று பகுதிகளிலும் தலா 19 எடுத்தாக வேண்டும். வாசிப்பில் எனக்கு 17. சமையலறையில் காதால் படித்தவளுக்குக் கான்ஜி எழுத்துகள் எங்கே வரும்?

கடைசியாக ஒரு விஷயம், இதைத் தயவுசெய்து வெட்டிவிடாதீர்கள். இந்தத் திட்டம் கடவுச்சீட்டைப் பொறுத்தது. கனடாவுக்கு 1986 முதல் உண்டு, அவுஸ்திரேலியாவுக்கு 1980 முதல் உண்டு. இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இல்லை. ஊரில் என் மச்சாளிடம் ஒரு முகவர் 'வொர்க்கிங் ஹாலிடே' என்று சொல்லி முன்பணம் கேட்டிருக்கிறார். அவளுக்கு உள்ள வழிகள் வேறு: மாணவர் விசா (அனுமதி பெற்று வாரம் 28 மணி நேரம் வேலை செய்யலாம்), அல்லது 2019இல் தொடங்கிய 'குறிப்பிட்ட திறன்' என்ற வேலை விசா. அதற்குத் தொழில் தேர்வும் அடிப்படை ஜப்பானியத் தேர்வும் தேற வேண்டும்.

வாசகர் சொன்னதுபோலச் சேமிப்பு கரைந்தது உண்மைதான். இப்போது தொழில்வழிச் சிகிச்சை (உடல் சரியாக இயங்காதவர்கள் அன்றாட வேலைகளைத் தாங்களே செய்ய உதவுவது) உதவியாளருக்கான இரண்டு வருடப் படிப்பில் இருக்கிறேன்; முடித்தாலும் பழைய சம்பளம் வராது. அம்மா உறவினரிடம் "பிள்ளை படிக்கிறாள்" என்பதோடு நிறுத்திக்கொள்கிறார். என்-3 இன்னும் பாக்கி.

இப்படிக்கு,
ஒரு வாசகி, ஸ்காபரோ