மீனாளுக்கு, காரைக்குடியிலிருந்து

அன்புள்ள மீனாள்,

நலம்தானே? திருச்சித் தண்ணீர் ஒத்துக்கொண்டதா? இங்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது, மாமியாருக்கு முழங்கால் வலி, மற்றபடி எல்லோரும் சுகம். நான் கடையை விட்டு நின்றுவிட்டதாக யாரோ உன்னிடம் சொன்னார்களாமே, பொய். இன்னும் அங்கேதான் சிட்டை எழுதுகிறேன், முதலாளி மேல் மனுவும் போட்டுவிட்டு!

நீ போன பிறகு உன் நாற்காலிக்கு ஒரு பையன் வந்தான். பேரேடு, ஸ்டாக், ஜிஎஸ்டி எல்லாம் நான்தான் சொல்லிக் கொடுத்தேன். மூன்றாம் மாதம் சம்பள வவுச்சர் எழுத உட்கார்ந்தால் அவனுக்கு 17,500, எனக்கு 14,000. அதையும் என் கையாலேயே எழுத வேண்டியிருந்தது, அந்த வயிற்றெரிச்சலை எங்கே போய்ச் சொல்ல. முதலாளியிடம் கேட்டதற்கு, "அவன் ஆம்பளப் பிள்ளை, நாளைக்குக் குடும்பம்னு ஆகணும், உனக்குத்தான் வீட்டுக்காரர் சம்பாத்தியம் இருக்கே ஆத்தா" என்றார்.

தேவகோட்டையில் ஒரு வக்கீலம்மாவைப் பார்த்தேன். ஒரே வேலை, அல்லது ஒரே தன்மையுள்ள வேலைக்கு ஆணுக்கொரு கூலி பெண்ணுக்கொரு கூலி கூடாதென்று 1976லேயே சட்டம் வந்துவிட்டதாம். நமக்குப் பள்ளிக்கூடத்திலும் சொல்லவில்லை, கடையிலும் சொல்லவில்லை. மனு போட்ட சேதி தெரிந்ததும் முதலாளி ஒரே ராத்திரியில் பையனை 'மேனேஜர்' ஆக்கிவிட்டார். வக்கீலம்மா சிரித்துவிட்டு 1987ல் உச்ச நீதிமன்றம் சொன்ன ஒரு தீர்ப்பைக் காட்டினார். மெக்கின்னன் மெக்கன்சி கம்பெனியில் ஸ்டெனோவாக இருந்த ஆட்ரி டி காஸ்டா போட்ட வழக்கு. பெண் ஸ்டெனோக்களைத் தனி வகை என்று பிரித்து வைத்துக் குறைச்சலாகச் சம்பளம் தந்திருக்கிறார்கள். பதவிக்கு என்ன பெயர் வைத்தாலும் செய்கிற வேலை என்ன என்றுதான் பார்க்க வேண்டும் என்று கோர்ட் சொல்லிவிட்டது. கம்பெனிக்குப் பண வசதி இல்லை என்ற சாக்கும் அங்கே எடுபடவில்லை. நம் முதலாளியும் அதே பாட்டுத்தான், "வியாபாரம் மந்தம்" என்று. தீபாவளிக் கூட்டத்தைச் சிட்டையில் ஏற்றினவளிடமே!

அப்புறம் கோபத்தில், "சரி, அவன் சம்பளத்தையும் 14,000 ஆக்கிட்டாப் போச்சு" என்றார். அன்றிலிருந்து பையன் என்னோடு பேசுவதில்லை. நான் சொல்லிக் கொடுத்த பையன், எனக்கு அதுதான் ரொம்ப உறுத்தியது. ஆனால் சமமாக்குகிறேன் என்று கூட வாங்குகிறவருடையதைக் குறைக்கக் கூடாதென்றும் அதே சட்டத்தில் எழுதியிருக்கிறதாம். அதை அவனிடம் சொன்னேன், நம்பினானா தெரியாது.

நடுவில் 2025 நவம்பர் 21ல் அந்த 1976 சட்டம் போய் ஊதியச் சட்டத் தொகுப்பு வந்துவிட்டது. எனக்குப் பகீரென்றது. இந்த விதி அதிலும் இருக்கிறது, பழைய மனு அதனால் செத்துப்போகாது என்கிறார் வக்கீலம்மா. இப்போது முதலாளி பக்கத்து வக்கீல், ஆறு மாத வித்தியாசத்தை வாங்கிக்கொண்டு வாபஸ் வாங்கச் சொல்கிறார். சிவகங்கைக்கு பஸ்ஸில் அலைந்து அலைந்து, ஒத்துக்கொள்ளலாமா என்றுகூட ஒரு நாள் நினைத்தேன்.

இனிமேல்தான் நான் எழுத வந்ததே. அந்த நாற்காலியின் வேலை வேறு, என் வேலை வேறு என்று முதலாளி எழுதிக் கொடுத்திருக்கிறார். ஒன்பது வருஷம் அதில் உட்கார்ந்தவள் நீ. நீ லீவு போட்டால் நான் பார்த்தேன், நான் போட்டால் நீ பார்த்தாய். இதை நீ வந்து சொல்ல வேண்டும். உன் மகள் கல்யாணத்துக்கு அவர் கைமாற்றுக் கொடுத்தது எனக்கு மறக்கவில்லை, அதனால்தான் போனில் கேட்க வாய் வராமல் எழுதுகிறேன். முடியாது என்றால் கோபப்பட மாட்டேன், வருத்தப்படுவேன்.

அடுத்த வாய்தா 12ஆம் தேதி, வியாழக்கிழமை. முந்தின நாளே வந்துவிட்டால் ராத்திரி இங்கேயே தங்கலாம். உன் கையெழுத்தில் பழைய ஸ்டாக் நோட்டு ஏதாவது பரணில் கிடந்தால் எடுத்து வா.

உன்
உமையாள்