பிழை உங்களுடையது என்று எழுதிக் கொடுங்கள்

நினைவு நாணயங்களை அச்சிட்டு விற்கும் நாணயச்சாலை அதிகாரிகளுக்கு,

வணக்கம். கும்பகோணத்திலிருந்து எழுதுகிறேன். என்னிடமுள்ள ப்ரூஃப் நாணயத்தில், அதாவது சேகரிப்பவர்களுக்கென்றே மெருகேற்றி அச்சிடும் நாணயத்தில், பின்பக்கம் சாய்ந்து அச்சாகியிருக்கிறது என்று எழுதியிருந்தேன். அதைத் திருப்பி அனுப்பினால் வேறு நாணயம் தருவதாகப் பதில் அனுப்பியிருக்கிறீர்கள். நன்றி. ஆனால் நான் வேறு நாணயம் கேட்கவில்லை. இது உங்கள் அச்சிலிருந்து இப்படியேதான் வந்தது என்று ஒரு வரி எழுதித் தரும்படி கேட்டிருந்தேன். அதற்குப் பதிலே இல்லை.

நம் நாட்டு நாணயத்தை நேராகப் பிடித்துப் பக்கவாட்டில் புரட்டினால் பின்பக்கமும் நேராக நிற்க வேண்டும். இதில் ஏறத்தாழக் கால்வட்டம் சாய்ந்து நிற்கிறது. அச்சு பிடி தளர்ந்து திரும்பினால் இப்படி ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. புழக்கத்துக்கு வரும் காசில் இந்தப் பிழை அவ்வப்போது கண்ணில் படும். ப்ரூஃப் அப்படியல்லவே. மெருகேற்றிய உலோக வில்லை, மெருகேற்றிய அச்சு, ஒரு முறைக்கு மேல் அழுத்தம், அதன்பின் ஒவ்வொன்றாகப் பார்த்து உறையிடுவது. அத்தனையையும் தாண்டிப் பிழை வெளியே வருவது அபூர்வம். சேகரிப்பவர்கள் அதைத் தேடுவதும் அதனால்தான். நான் திருப்பி அனுப்பினால் அது உருக்குவதற்குத்தான் போகும்.

பாபநாசம் பக்கத்து விவசாயி ஒருவர் அதே வெளியீட்டை வாங்கியிருந்தார். அதே சாய்வு. குறுவை அறுத்த காசில் மிச்சம் பிடித்து வாங்கியது. மகளுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்டக் கடைசி நாள் நெருங்கியபோது அதை விற்கப் போனார். நானும் கூடப் போனேன். வியாபாரி எடை போட்டார், சரியாக இருந்தது. லென்ஸ் வைத்து விளிம்பைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார், ஒட்டுத் தையல் எதுவும் இல்லை. அப்படியும், "ரெண்டு காச அறுத்து ஒட்டியிருந்தா நான் என்னங்க பண்றது? ஆலையிலேர்ந்து லெட்டர் இருக்கா?" என்று கேட்டார். இல்லை. வெள்ளி விலைக்குக் கொடுத்துவிட்டு வந்தார் அந்த மனுஷன். பேருந்து வரும்வரை என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. வியாபாரியைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்தக் கடிதத்தை எழுத வேண்டியவர்கள் நீங்கள்.

பிழையை ஒத்துக்கொள்வதால் உங்கள் மதிப்பு குறையாது. 1990இல் அமெரிக்காவில் சான் பிரான்சிஸ்கோ ப்ரூஃப் செட்டுகளில் ஒரு சென்ட் காசு, அந்த ஊர் நாணயச்சாலையைக் காட்டும் 'எஸ்' குறியில்லாமல் வெளிவந்தது. வெளியே போனவை 3,555 இருக்கும் என்று அந்த நாணயச்சாலையே மதிப்பிட்டுச் சொன்னது. அதே குறி விடுபட்ட 1975ஆம் ஆண்டு பத்து சென்ட் ப்ரூஃப் இரண்டுதான் இதுவரை தெரியவந்திருக்கின்றன. அதில் ஒன்று 2019இல் 4,56,000 டாலருக்கு ஏலம் போனது. இங்கே காவிரி மணலில் கிடைக்கும் சோழர் செப்புக்காசுகளில் பாதி உருவம் விளிம்புக்கு வெளியே ஓடியிருக்கும். அதை யாரும் பொய்க்காசு என்று தூக்கிப் போடுவதில்லை.

பெரிய கோயிலின் ஆயிரமாவது ஆண்டுக்கு 2010ஆம் ஆண்டிட்ட ஆயிரம் ரூபாய் நாணயம் வந்ததே, 35 கிராம், 44 மில்லிமீட்டர், எண்பது சதவீதம் வெள்ளி, அதைப் பார்த்துத்தான் இந்தப் பக்கம் பலர் ப்ரூஃப் சேர்க்கத் தொடங்கினோம். அப்படி வந்தவர்களை நீங்கள் நடத்தும் விதம் வருத்தமாக இருக்கிறது. முன்பதிவு திறந்ததும் தீர்ந்துவிடுகிறது. பணம் கட்டிவிட்டு மாதக்கணக்கில் காத்திருக்கிறோம். எத்தனை செட் அச்சிட்டீர்கள் என்று கேட்டால் பதில் வருவதில்லை. வெள்ளியில் வெண்புள்ளி படர்ந்தால் நாங்கள் வைத்திருந்த விதம் சரியில்லை என்கிறீர்கள். எங்கள் வீட்டு ஈரக்காற்று உறைக்குள் எப்படிப் புகுந்தது?

கோபத்தில் எங்கோ போய்விட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். என் வேண்டுகோள் ஒன்றுதான். உங்களிடமே நேரடியாக வாங்கிய ப்ரூஃப் நாணயத்தில் பிழை இருந்தால், அதைச் சோதித்து, உங்கள் பிழைதான் என்று முத்திரையிட்டு எழுதிக் கொடுத்து, அதே நாணயத்தைத் திருப்பித் தாருங்கள். சோதனைக் கட்டணமும் காப்பீட்டுத் தபால் செலவும் நானே கட்டுகிறேன். ரசீதும் பிரித்த உறையும் பத்திரமாக இருக்கின்றன. எந்த முகவரிக்கு அனுப்ப வேண்டும் என்று மட்டும் தெரிவியுங்கள்.

இப்படிக்கு,
கும்பகோணத்து நாணயச் சேகரிப்பாளர் ஒருவர்