நீ அனுப்பிய நாலு வரிக்கு

திருக்கோவிலூர்
வெள்ளிக்கிழமை இரவு

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. நான் நலம். அத்தையும் நலம். அங்கே குளிர் குறைந்ததா? நேரத்துக்குச் சாப்பிடு.

போன வாரம் நடுராத்திரியில் நாலு வரி அனுப்பினாய். அதற்குக் கீழேயே, “ஏன் எழுதினேன்னு தெரியலம்மா, படிச்சிட்டு அழிச்சிடு” என்றும் போட்டிருந்தாய். நான் அழிக்கவில்லை. டைரியில் எழுதி வைத்துக்கொண்டேன். போனில் பேசினால் அழுதுவிடுவேன் என்றுதான் இந்தக் கடிதம்.

சைக்கிளின் பின்னால் உட்கார்ந்த அன்று
என் கால் தரையைத் தொடவில்லை.
அதே சைக்கிள், இன்று உட்கார்ந்தேன்.
கால் தொடுகிறது.

இதில் அப்பா என்ற சொல்லே இல்லை. ஆனால் எனக்கு அவர் முதுகு தெரிந்தது, வேர்த்து நனைந்த சட்டையோடு.

ஏன் எழுதினேன் என்று கேட்கிறாயே, அதற்கு நீ பார்க்காத ஒன்றைச் சொல்ல வேண்டும். அப்பாவைக் கூடத்தில் கிடத்தியிருந்த அந்த ராத்திரி நீ விமானத்தில் இருந்தாய். பதினோரு மணி வாக்கில் அத்தை வந்தாள். வரப்புத் தகராறில் 9 வருஷமாக நம் வாசலை மிதிக்காதவள். யாரையும் பார்க்கவில்லை. நேரே போய் அப்பா தலைமாட்டில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு முந்தானையை வாயிலிருந்து எடுத்துவிட்டு ஆரம்பித்தாள்:

வரப்பு நடுவிருக்க வாசப்படி மிதிக்கலியே
வரப்பு கெடக்குதண்ணா வந்து நிக்க நீயில்லியே

கூடம் முழுக்க விக்கித்துப் போய்விட்டது. “அண்ணா, நான் பண்ணது தப்பு” என்று அவள் பேச்சில் சொல்லியிருக்க முடியுமா? ஊரே உட்கார்ந்திருக்கிறது, அவள் வீட்டுக்காரர் வாசலில் நிற்கிறார். ஒப்பாரியில் சொல்லலாம். ஒப்பாரியில் சொன்னதை மறுநாள் யாரும் பிடித்துவைத்துக் கேள்வி கேட்பதில்லை. அந்த மரியாதை நம் ஊரில் இன்னும் இருக்கிறது.

அத்தைக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது, கைநாட்டுதான். ஆனால் வரப்பு, வாசப்படி, வந்து என்று மோனை தானாக வந்து விழுந்தது. 31 வருஷம் தமிழ் நடத்தியவள் நான். மோனையும் எதுகையும் செய்யுளுக்கு அழகு என்றுதான் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். அன்று பார்த்தபோது அது இருட்டில் படி இறங்குகிறவளுக்குக் கைப்பிடிச் சுவர் மாதிரி இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டுதான் அவள் அடுத்த சொல்லுக்குப் போனாள். இல்லாவிட்டால் முதல் வரியிலேயே உடைந்திருப்பாள்.

பாரி மகளிர் பாட்டு உனக்கு ஞாபகம் இருக்கும். புறநானூற்றில் 112. மூவேந்தர் முற்றுகையில் பறம்பு மலையும் போய், அப்பாவும் போன பிறகு அந்தப் பெண்கள் பாடியது. அஞ்சே அடி:

அற்றைத் திங்கள் அவ்வெண் ணிலவின்
எந்தையும் உடையேம்எம் குன்றும் பிறர்கொளார்
இற்றைத் திங்கள் இவ்வெண் ணிலவின்
வென்றெறி முரசின் வேந்தர்எம்
குன்றும் கொண்டார்யாம் எந்தையும் இலமே.

திணை பொதுவியல், துறை கையறுநிலை என்று ஒப்பிக்க வைத்து ரெண்டு மார்க் போட்டிருக்கிறேன். எத்தனை வருஷம் நடத்தினாலும் கண்ணில் படாத ஒன்று இந்த மாசம்தான் பட்டது. இருந்ததைச் சொல்லும்போது அப்பாவை முதலில் சொல்கிறார்கள், பிறகு குன்று. போனதைச் சொல்லும்போது குன்றை முதலில் சொல்லிவிடுகிறார்கள். அப்பா இல்லை என்பதை எவ்வளவு தள்ளிப்போட முடியுமோ அவ்வளவு தள்ளிப்போட்டு, கடைசிச் சொல்லில்தான் வாய்விட்டுச் சொல்கிறார்கள். அழுதோம் என்று ஒரு சொல் இல்லை. நீயும் அப்படித்தானே செய்தாய்? காரியம் முடிந்து திரும்பிப் போன அன்று போனில் தண்ணீர் மோட்டார், கரண்ட் பில், பேங்க் பாஸ்புக் எல்லாம் ஒவ்வொன்றாகக் கேட்டாய். வைக்கப்போகும்போதுதான் “அப்பா ரூம் லைட்டப் போட்டு வைம்மா” என்றாய்.

அற்றைத் திங்கள், இற்றைத் திங்கள். உன் வரியில் அன்று, இன்று. அதே நிலவு, அதே சைக்கிள். நீ அந்தப் பாட்டை நினைத்து எழுதியிருக்க மாட்டாய், அது எனக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் செய்யுள் என்றாலே ஓடியவன் நீ. ஏறத்தாழ 2,000 வருஷத்துக்கு முந்தின துக்கமும் ஹாம்பர்க்கில் ஒரு அறையில் உட்கார்ந்திருக்கிற துக்கமும் ஒரே வழியில் நடந்து வந்திருக்கின்றன. அதைப் பார்த்ததும் எனக்கு மனசு கொஞ்சம் நிலைப்பட்டது. நமக்கு மட்டும் வந்ததில்லை என்று எத்தனையோ பேர் வந்து ஆறுதல் சொன்னார்கள், காதில் ஏறவில்லை. இந்த அஞ்சு அடி சொன்னபோது ஏறியது. ஜனங்கள் கவிதை படிப்பது இதற்காகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

அந்தப் பெண்களைப் பாரியின் நண்பரான புலவர் கபிலர் அழைத்து வந்தது நம் ஊருக்குத்தான். பெண்ணையாற்றில் நிற்கும் கபிலர் குன்றை எத்தனை தரம் பார்த்திருப்பாய்! பாரி மகளை இந்தப் பக்கத்தை ஆண்ட மலையனுக்குக் கொடுத்துவிட்டுக் கபிலர் தீப்புகுந்ததை வீரட்டானேசுவரர் கோயிலில் ராஜராஜன் காலத்துக் கல்வெட்டு சொல்கிறது. நேற்று சாயங்காலம் ஆற்றங்கரைப் பக்கம் போய் நின்றுவிட்டு வந்தேன்.

“இதை யாருகிட்டம்மா காட்டுறது” என்றும் கேட்டாய். அதற்கும் நம் ஊரிலேயே ஒரு கதை உண்டு. மழை ராத்திரி, வாசலை ஒட்டிய குறுகலான இடைகழியில் ஒருவர் படுக்கலாம், இருவர் உட்காரலாம், மூவர் நிற்கலாம். பொய்கையாழ்வார் “வையம் தகளியா” என்று ஒரு விளக்கு ஏற்றினார். பூதத்தாழ்வார் “அன்பே தகளியா” என்று ஒன்று ஏற்றினார். அந்த வெளிச்சத்தில் பெருமாளைப் பார்த்து “திருக்கண்டேன்” என்று பாடியவர் மூன்றாவது ஆள், பேயாழ்வார். ஏற்றின விளக்கில் பார்ப்பதற்கு ஒருத்தர் நிற்கிறார் பார். உனக்கு நான் நிற்கிறேன், இப்போதைக்கு அது போதும். எழுது. வேலை முடிந்து அலுப்பாக வந்தாலும், தோன்றினால் எழுது. எனக்கு அனுப்பு.

இன்னொன்று. உன்னைக் கேட்காமலே அத்தைக்குப் படித்துக் காட்டிவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே. இப்போது தினமும் சாயங்காலம் வருகிறாள். இன்னொரு தரம் படி என்றாள், படித்தேன். ரொம்ப நேரம் திண்ணைத் தூணையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “பின்னால இல்லடி, முன்னால பார்ல துண்டச் சுத்தி, அதுலதான் புள்ளய உக்கார வெச்சிக் கூட்டினு போவாரு” என்றாள். அவள் சொல்வதும் சரிதான். நீ ரொம்பச் சின்னவனாக இருந்தபோது அப்படித்தான். நீலக் கட்டம் போட்ட துண்டு. பின்னால் கேரியருக்கு மாறியது ஸ்கூல் போக ஆரம்பித்த பிறகு. எந்த நாளை நினைத்து எழுதினாய் என்று நீ சொன்னால் டைரியில் அதையும் குறித்துக்கொள்வேன்.

அன்புடன்,
அம்மா